லுஹருக்குப் பின் நிக்காஹ், மூன்றரைக்கு இறுதிப் போட்டி

ஜுனைட் தலைவனாகும் வரைக்கும் அந்தத் தொழில்நுட்பக் கல்லூரியின் உதைபந்தாட்ட அணி மாகாணக் கல்லூரிகளின் கிண்ணப் போட்டியில் முதல் சுற்றைத் தாண்டியதே இல்லை. வருடா வருடம் போவார்கள், தோற்பார்கள், வரும் வழியில் களுவாஞ்சிக்குடியில் தேநீர் குடித்துவிட்டுக் கல்முனைக்குத் திரும்புவார்கள். அதற்காக யாரும் பெரிதாகக் கவலைப்பட்டதுமில்லை.

பயிற்சியாளர் புண்ணியமூர்த்தி சேர் காரைதீவுக்காரர். கத்திப் பேசத் தெரியாத மனிதர். மாரி தொடங்கியதும் கல்லூரி மைதானத்தில் பாதி குளமாகிவிட, பையன்களைக் கடற்கரைக்குக் கொண்டுபோனார். விடியற்காலைச் சுபஹுத் தொழுகை முடிந்த கையோடு மணலில் ஓட்டம். தோணிகள் கரை ஏறுகிற நேரம் அது. "பந்து வலைக்க விழுந்தா மீனோட சேத்து வித்திருவம்" என்று கடற்றொழிலாளர்கள் சத்தம் போடுவார்கள். மணலில் ஓடி ஓடிக் கால்கள் இறுகின. ஆனாலும் முதல் சுற்றின் குழுப் போட்டிகளில் முதலாவதில், திருகோணமலையில் மூன்றுக்குப் பூச்சியம் என்று தோற்றார்கள்.

மறுநாள் சேர் ஜுனைட்டைத் தனியே கூப்பிட்டார்.

"நாளையில இருந்து நீ முன்னுக்கு வேணாம். பின்வரிசைக்கு முன்னால, நடுவுக்க நில்லு."

"சேர், நான் கோல் அடிக்கிற ஆள்."

"நேத்து எத்தின அடிச்ச?"

ஜுனைட் காலால் மணலைக் கிளறினான்.

"நடுவுக்க பெரிய ஓட்டை கிடக்கு மனே. அதுக்க ஒரு ஆள் நிக்க வேணும். பேப்பர்ல பேர் வராது. ஆனா அந்த ஆள் இல்லாட்டி மத்தவங்க ஓடுறதெல்லாம் வீண்."

இரண்டு நாள் ஜுனைட் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் பயிற்சிக்கு வந்தான். மூன்றாம் நாள், எதிராளி எந்தப் பக்கம் திரும்பப் போகிறான் என்பதைத் தோளைப் பார்த்தே சொல்ல முடிகிறது என்று கண்டுகொண்டான். அது கோல் அடிப்பதைவிட வேறு மாதிரியான ருசியாக இருந்தது. அதற்குப் பிறகு அணி தோற்கவில்லை. ஐந்து போட்டிகளில் வாங்கிய கோல்கள் இரண்டுதான். அரையிறுதியில் கடைசி நிமிடத்துத் தண்டனை உதையை, நெட்டைக் கையனான கோல்காப்பாளன் தனுசன் பாய்ந்து தட்டிவிட்டான். அன்றிலிருந்து சந்தையில் மீன் வாங்கப் போனாலும் ஜுனைட்டை "கப்டன்" என்றுதான் கூப்பிட்டார்கள்.

இறுதிப் போட்டி டிசம்பரில் மட்டக்களப்பில் நடப்பதாக இருந்தது. அந்தக் கிழமை அடித்த மழையில் மைதானம் முழங்காலளவு தண்ணீரில் கிடந்தது. போட்டி ஒத்திவைக்கப்பட்டது. பிறகு ஒரு திங்கட்கிழமை, அணியின் வட்சப் குழுவில் புதிய திகதி வந்தது: ஜனவரி இரண்டாம் ஞாயிறு, மாலை மூன்றரை மணி.

ஜுனைட் அதை நான்கு தரம் வாசித்தான். அதே ஞாயிறு, பின்னேரம் அசர் தொழுகைக்குப் பின்னர்தான் அவன் தங்கை அஸ்பியாவின் நிக்காஹ். ஆறு மாதத்துக்கு முன்னரே குறித்த நாள். மாப்பிள்ளை இன்பாஸ் இறக்காமத்து ஆள், கட்டாரில் வேலை. ஒரு மாத லீவில் வந்திருந்தான்.

வாப்பா மௌத்தாகி மூன்று வருடமாகிறது. வாப்பா இல்லாத பெண்ணை மணம்முடித்துக் கொடுக்கும் வலீ, கூடப்பிறந்தவன்தான். மாப்பிள்ளையின் கையைப் பிடித்து, "என் சகோதரியை உங்களுக்கு மணமுடித்துத் தந்தேன்" என்று சொல்லவேண்டியது ஜுனைட். வேண்டுமானால் அந்தப் பொறுப்பை வாப்பாவின் தம்பி, சாச்சாவிடம் ஒப்படைக்கலாம். மார்க்கத்தில் அதற்கு இடமுண்டு. அதையும் அவன் யோசிக்காமல் இல்லை. யோசித்துக்கொண்டே இரண்டு நாள் வீட்டில் மூச்சுவிடாமல் இருந்தான்.

கல்லூரி மாணவர் சங்கம் முகநூலில் போட்ட விளம்பரத்தை அஸ்பியாவே கண்டுவிட்டாள். கையில் கைப்பேசியுடன் அவன் அறை வாசலில் வந்து நின்றாள்.

"காக்கா, இது என்ன திகதி?"

"கண்டிட்டியா?"

"ஊரே கண்டிட்டு. நீங்கதான் என்னோட கதைக்கல்ல. என்ன செய்யப் போறீங்க?"

"சாச்சாக்கிட்ட கேப்பமா எண்டு ஒரு யோசனை…" அவன் முடிக்கவில்லை.

அடுப்படியிலிருந்து உம்மா றம்லா கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "ஆம்புளப் புள்ளை ஒருத்தன் வீட்டுக்க இரிக்கக்கொள்ள, என்ட மகளை இன்னொரு ஆள் கைபிடிச்சுக் குடுக்கிறதா? பந்துக்காகவா மகன்?"

அஸ்பியா சண்டை பிடித்திருந்தால் அவனும் சண்டை பிடித்திருப்பான். அவள் தலையைக் குனிந்து கைப்பேசியின் திரையை அணைத்தாள். வாப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன அன்று அவள் இப்படித்தான் பேசாமல் நின்றாள்.

"நான் எங்கயும் போகல்ல" என்றான் ஜுனைட்.

அன்று பின்னேரமே காரைதீவுக்குப் போய்ச் சேரிடம் விசயத்தைச் சொன்னான். அவர் வேலியோரம் நின்று முருங்கைக்காய் பறித்துக்கொண்டிருந்தார்.

"சரி" என்றார். அடுத்த காயைப் பறித்துக்கொண்டே, "தங்கச்சிக்கு நீதானே இரிக்காய். தனுசன் கப்டன் பட்டியக் கட்டட்டும். உன்ட இடத்துக்குக் காலிதீனப் போடுறன்" என்று சொல்லி, ஒரு பிடி முருங்கைக்காயையும் வீட்டுக்குக் கொடுத்துவிட்டார்.

காலிதீன் முதலாம் வருட மாணவன். சம்மாந்துறையிலிருந்து சைக்கிளில் வருபவன். அந்தப் பருவத்தில் மொத்தமாக அரை மணி நேரம்கூட விளையாடியிருக்க மாட்டான்.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் இன்பாஸ் தொலைபேசியில் வந்தான். இருவரும் அதுவரை பெருநாள் வாழ்த்தைத் தவிர அதிகம் பேசியதில்லை.

"மச்சான், பைனலாமே? எனக்கிட்டயும் சொல்லல்ல நீங்க."

"அது பரவாயில்ல மச்சான்."

"என்ன பரவாயில்ல? நிக்காஹ பகல் லுஹருக்குப் புறகு வைப்பம். ஒரு மணிக்கு முடிஞ்சா நீங்க மூண்டு மணிக்கு அங்க நிக்கலாம்."

"உங்கட வாப்பா?"

"வாப்பாதான் சத்தம் போட்டுக்கிட்டு இரிக்காரு. பத்திரிகையில அசர் எண்டு அடிச்சாச்சாம், ஊரெல்லாம் குடுத்தாச்சாம். நான் சொன்னன், சாப்பாடு பகலைக்கு எண்டா ஆக்கள் ரெண்டு மணித்தியாலம் முந்தியே வந்திருவாங்க, ஒருத்தரும் கோவிக்க மாட்டாங்க எண்டு."

இன்பாஸின் தகப்பன் மீராசாஹிபு உண்மையில் நல்ல மனிதர். சனிக்கிழமை முழுக்க வயலுக்கும் போகாமல், விருந்தாளிகள் ஒவ்வொருவருக்கும் அவரே நேர மாற்றத்தைத் தொலைபேசியில் சொன்னார். சொல்லும்போதெல்லாம் பந்தையும் பந்தைக் கண்டுபிடித்தவனையும் ஏசினார்.

சேர் ஜுனைட்டின் பெயரையும் மாற்று ஆட்டக்காரர் பட்டியலில் போட்டு வைத்திருந்தார். ஞாயிறு வானம் வெளித்திருந்தது. லுஹர் முடிந்து மாப்பிள்ளை வீட்டார் பள்ளிவாசலுக்கு வந்துவிட்டார்கள். விவாகப் பதிவாளர் வரவில்லை. கல்யாண மாதம், மருதமுனையில் ஒரு நிக்காஹ் இழுபட்டு அவர் அங்கே மாட்டிக்கொண்டார். ஒரு மணி இரண்டானது. ஜுனைட் வெள்ளைச் சேட்டின் கைப் பொத்தானைக் கழற்றுவதும் பூட்டுவதுமாக உட்கார்ந்திருந்தான். இரண்டரைக்கு அவர் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார்.

இன்பாஸின் கையை ஜுனைட் பிடித்தான். அந்தக் கை ஈரமாக இருந்தது, தன்னுடையதும் அப்படித்தான். சொல்ல வேண்டியதை மூன்று நாளாகப் பாடமாக்கி வைத்திருந்தான். சொல்லத் தொடங்கியதும் மணிக்கூட்டையும் மட்டக்களப்பையும் மறந்துபோனான். "அஸ்பியாவை" என்று பெயரைச் சொன்ன இடத்தில் மட்டும் குரல் கொஞ்சம் தட்டுப்பட்டது. இன்பாஸ் அவன் விரல்களை இறுக்கிப் பிடித்தான். முடிந்தது. துஆ ஓதினார்கள்.

வீட்டுக்கு வந்து நிக்காஹ் முடிந்த செய்தியை அஸ்பியாவிடம் சொன்னான். சிவப்புச் சாரியில் இருந்தவள், "அழுதுக்கிட்டு நிக்காம போங்க காக்கா" என்றாள். அழுதது அவள்தான்.

வாப்பாவின் பழைய மோட்டார் சைக்கிளில் அவன் கிளம்பியபோது மூன்று மணி தாண்டியிருந்தது. பெரிய நீலாவணை, களுவாஞ்சிக்குடி, காத்தான்குடி. மைதானத்துக்குள் நுழைகையில் இடைவேளை. ஒன்றுக்கு ஒன்று.

பையன்கள் சேறு பூசிய முகங்களோடு எழும்பி வந்து அவனைக் கட்டிக்கொண்டார்கள். வெள்ளைச் சேட்டு ஒரு நொடியில் நாசமானது. சேர் மட்டும் மணிக்கூட்டைப் பார்த்தார்.

"உடுப்ப மாத்து. உடம்பச் சூடாக்கு. பாப்பம்."

எல்லைக்கோட்டுக்கு வெளியே ஓடிக்கொண்டே ஜுனைட் ஆட்டத்தைப் பார்த்தான். அவன் கண் தானாகவே நடுவிடத்துக்குப் போனது. அங்கே காலிதீன் நின்றான். பந்து வருவதற்கு முன்னரே நின்றான். எதிரணியின் பத்தாம் இலக்கக்காரன் இடப்பக்கம் போகிறவன்போலப் போக்குக் காட்டினான், காலிதீன் அசையவில்லை. வலப்பக்கம் திரும்பியபோது பந்து காலிதீனின் காலில் இருந்தது. இது ஒருதரம் நடந்ததென்றால் அதிர்ஷ்டம் என்று விட்டிருப்பான். நான்கு தரம் நடந்தது.

இருபது நிமிடம் மிச்சமிருக்கும்போது சேர் அருகில் வந்தார்.

"ஒரு மாத்தம்தான் மிச்சம். காலிதீன எடுத்திட்டு உன்னப் போடட்டா? நீ கப்டன், சொல்லு."

சப்பாத்துக் கயிறு கட்டியாகிவிட்டது. இந்த மைதானத்தில் இந்த உடுப்போடு நிற்கத்தான் மாரி முழுக்க மணலில் ஓடினான். ஓம் என்று சொல்ல வாயெடுத்தான். ஜுனைட் குனிந்து, கட்டிய கயிற்றையே மீண்டும் இழுத்துப் பார்த்தான்.

"அவன எடுக்க வேணாம் சேர்" என்றான். "வலது கரைக்காரன் நொண்டுறான். அவனுக்குப் பதிலா வேகமா ஓடுற ஆரையும் போடுங்க."

சேர் அப்படியே செய்தார்.

எண்பத்து நான்காவது நிமிடத்தில், மூலையுதை ஒன்று கூட்டத்துக்குள் விழுந்து யாருடைய முழங்காலிலோ பட்டு உள்ளே போனது. யார் அடித்த கோல் என்று அவர்கள் இன்றைக்கும் வாதாடுகிறார்கள். நடுவரின் கடைசி விசிலுக்குத் தனுசன் கோல்கம்பத்தடியில் முழங்காலில் விழுந்தான். ஜுனைட் எல்லோருக்கும் முன்னால் ஓடிப்போய்க் காலிதீனைத் தூக்கினான்.

கிண்ணம் வாங்க அழைத்தபோது தனுசன் கப்டன் பட்டியைக் கழற்றி நீட்டினான்.

"இந்தா மச்சான். நீதானே கப்டன்."

"இண்டைக்கு நீ. போ."

"விசரா உனக்கு?" என்றவன் பட்டியைத் திரும்பக் கட்டிக்கொண்டு, ஜுனைட்டின் கையையும் பிடித்து இழுத்துக்கொண்டே மேடையேறினான். கிண்ணத்தில் ஒரு கைபிடி தனுசனிடம், மற்றது ஜுனைட்டிடம்.

அந்தி மஃரிபுத் தொழுகைக்குச் சற்றுப் பின், பதினெட்டுப் பேரோடு கல்லூரி பஸ் கல்யாண வீட்டு வாசலில் வந்து நின்றது. உம்மா, ஐந்தாறு பேர் சேர்ந்து உண்ணும் சஹன் தட்டுகளில் சோறு வைக்கச் சொல்லி விரட்டினார். புதுமாப்பிள்ளை இன்பாஸே இறைச்சிச் சட்டியோடு பந்தியில் நடந்தான். மாட்டிறைச்சி சாப்பிடாத சேருக்கும் தனுசனுக்கும் புளியாணக் குழம்பும் மீன் பொரியலும் வேறாகக் கேட்டு வாங்கிக் கொடுத்தார் மீராசாஹிபு. முதல் நாள் ஏசியதற்கு ஈடாக எல்லோருடைய சஹனிலும் இரண்டாம்தரம் போடச் சொன்னார்.

அஸ்பியா உள்ளே இருந்து அவனைக் கூப்பிட்டனுப்பினாள்.

"எத்தின கோல் அடிச்சீங்க காக்கா?"

"நான் இறங்கவே இல்ல."

அவள் முகம் மாறியது. "எங்களாலதானே?"

"இல்ல புள்ள. இடைவேளைக்கே போய்ட்டன். இறங்கச் சொல்லியும் கேட்டாங்க. நான்தான் வேணாமெண்டன்."

"கவலையா?"

அவனுக்குப் பொய் சொல்ல மனம் வரவில்லை. "கொஞ்சம் இரிக்கி" என்றான். "ஆனா நல்லா வெண்டம்."

வெளியே பையன்கள் அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். சோறு ஆறுகிறதாம். அவன் போய்க் காலிதீனின் சஹனில் இடம்பிடித்து உட்கார்ந்தான்.