ராஜேஸ்வரியின் வயிற்றில் ஓர் ஏரி

மாட்டுப் பொங்கலன்று மாலை ராஜேஸ்வரி இரண்டு வாளி சர்க்கரைப் பொங்கல் தின்றது. மறுநாள் விடியும்போது அசை போடுவதை நிறுத்தியிருந்தது.

பனமலை ஏரியிலிருந்து கிளம்பிய பனி, தெருவை முழங்கால் உயரத்துக்கு நிரப்பியிருந்தது. தையல்நாயகி அதில் மிதந்து வருகிறவள் போலக் கொட்டகைக்கு வந்து, மாட்டின் இடது விலாவில் காதை வைத்தாள். தினமும் செய்வதுதான். வழக்கமாக உள்ளே ஒரு சத்தம் இருக்கும். நிமிஷத்துக்கு ஒரு தடவை, ரொம்பத் தூரத்தில், செஞ்சிப் பக்கம் எங்கேயோ இடி உருளுகிற மாதிரி. அதைக் கேட்ட பிறகுதான் அவளுக்குக் காபி இறங்கும். இன்று இடி இல்லை. பாதிக் குடம் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு நடந்தால் தளும்புமே, அந்தச் சத்தம் மட்டும். மாட்டின் மூச்சில் புளித்த மாவு வாடை.

"இன்னாங்க, மாடு அசை போடலீங்க!"

சீனுவாசன் வெளியே வந்தார். அவருக்கு முன்னால் அவருடைய பொன்னாடை வந்தது. முந்தின நாள் போர்த்தியது. குளிருக்கு நல்லது என்று கழற்றவில்லை. தெரு முனையில் கட்டியிருந்த ஃப்ளெக்ஸில் அவர் பெயருக்கு முன்னால் 'ஆநிரைச் செம்மல்' என்று இருந்தது. அந்தப் பட்டத்தைக் கொடுத்த அமைப்புக்குத் தலைவர் அவர்தான்.

"நேத்துத் தின்னது செரிக்க வேணாமா? இன்னிக்கு விரதம் இருக்குது. மாட்டுக்குக் கூட தெரியுது பாரு, உனக்குத் தெரியல" என்றார்.

நேற்றுப் பிள்ளையார் கோயில் திடலில் மேலத் தெருவின் இருபத்திரண்டு மாடுகளையும் வரிசையாகக் கட்டி, அவர் நாற்பது நிமிஷம் பேசினார். பசுவின் உடம்பில் முப்பத்து முக்கோடி தேவர்கள் குடியிருப்பதை விளக்கினார். ஜனங்கள் ஒவ்வொருவராக நழுவிவிட்டார்கள். மாடுகள்தான் கடைசிவரை இருந்தன, அவை கட்டப்பட்டிருந்தன. பிறகு எல்லா மாட்டுக்கும் ஆளுக்கொரு இலைப் பொங்கல். ராஜேஸ்வரி செம்மலின் மாடு என்பதால் இரண்டு வாளி, நெய்யோடு.

ஒன்பது மணிக்குள் மாடு படுத்துவிட்டது. தையல்நாயகி யாரையும் கேட்காமல் கால்நடை டாக்டருக்கு போன் போட்டாள். டாக்டர் மலர்விழி காணும் பொங்கலுக்குத் திண்டிவனத்தில் அம்மா வீட்டுக்குப் போகத் துணிப்பையை வண்டியில் மாட்டியிருந்தாள். அந்தப் பையோடே வந்து சேர்ந்தாள். சாணியைக் குச்சியால் கிளறினாள். முழு முழு அரிசியாக இருந்தது. விலாவைக் கையால் அழுத்தி உதட்டைப் பிதுக்கினாள்.

"நாளைக்குக் காலைக்குள்ள அசை போடணும். போடலேன்னா கஷ்டம்மா."

தையல்நாயகி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். பிள்ளையில்லாத வீடு அது. ஆறு வருஷத்துக்கு முன்னால் கன்றாக வந்ததிலிருந்து, புருஷன் ஊர் ஊராகப் போய்ப் பேசும் நேரமெல்லாம் அவளோடு வீட்டில் இருந்தது ராஜேஸ்வரிதான். அது எதிர்த்துப் பேசாது. அதைவிட, பேசவே பேசாது.

"பொங்கல் தின்னா இன்னா மேடம் ஆவும்? நெய்யி, வெல்லம், முந்திரி. நானே தின்னேன்" என்றார் சீனுவாசன்.

"உங்களுக்கு வேற வயிறு சார். மாடு வைக்கோலைத் தானா செரிக்காது. உள்ள கண்ணுக்குத் தெரியாத ஜீவனுங்க இருக்குதுங்க, அதுங்கதான் செரிக்குது. மாடு அதுங்களுக்கு வீடு குடுக்குது, அதுங்க மாட்டுக்குச் சோறு போடுது. அரிசியும் வெல்லமும் ஒரேயடியா கொட்டுனா உள்ள புளிச்சிடும். வைக்கோல் தின்ற கூட்டம் மொத்தமும் செத்துடும்."

"எத்தினி இருக்கும்?" அடுத்த கூட்டத்துக்கு ஆகுமே என்ற ஆசை அந்த நேரத்திலும் அவருக்கு இருந்தது.

"நீங்க சொல்ற முப்பத்து முக்கோடி ஒரு சொட்டுலயே அடங்கிடும் சார்."

"பாத்தியா, நான் சொன்னது சரிதான்னு டாக்டரே சொல்றாங்க!"

"சரிதான் சார். அத்தினி பேரையும் நேத்து நீங்கதான் பொங்கல் வச்சு அனுப்பிட்டீங்க."

டாக்டர் குழாய் விட்டுப் புளித்த தண்ணீரை இறக்கினாள். சமையல் சோடாவைக் கரைத்து ஊற்றினாள். கழுத்தில் குளுகோஸ் ஏறியது. தையல்நாயகி மாட்டின் மேல் சாய்ந்து கிடந்தாள். விடியற்காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. கண்கள் தாமாக மூடிக்கொண்டன.

விலாவுக்குள் ஓர் ஏரி இருந்தது. காற்றில்லாத, வெளிச்சமில்லாத, இளஞ்சூடான ஏரி. நிமிஷத்துக்கு ஒரு தடவை மொத்த ஏரியும் புரண்டு படுத்தது. பனிக்குள் மீன் பிடிப்பவர்களைப் போல எத்தனையோ பேர் அதில் நின்றிருந்தார்கள். ஒருவர் வைக்கோலைப் பிளந்தார். அவர் விட்டதை இன்னொருவர் எடுத்துக்கொண்டார். அவர் மூச்சு விட்டதை மூன்றாமவர் தின்றார். யாரும் யாரையும் வாழ்க என்று சொல்லவில்லை. மைக் இல்லை. திடீரென்று மேலேயிருந்து இனிப்பாக மழை கொட்டியது. முதலில் எல்லாரும் வாயைத் திறந்தார்கள். பிறகு ஒவ்வொருவராக மல்லாந்து மிதந்தார்கள். ஏரி புரள்வதை நிறுத்தியது.

"எம்மா, எழுந்திரு. புதுசா ஆள் குடியேத்தணும்" என்று டாக்டர் தோளைத் தட்டினாள். "நல்லா அசை போடுற மாடு ஒண்ணு வேணும். அது வயித்துத் தண்ணிய எடுத்து இதுக்கு ஊத்தணும்."

"ஊர்ல மாட்டுக்கா பஞ்சம்? இருபத்திரண்டு இருக்குதே" என்றார் சீனுவாசன்.

"இருபத்திரண்டும் நேத்து உங்க பொங்கல் தின்னுச்சுங்களா?"

சீனுவாசன் பொன்னாடையைச் சரி செய்தார்.

கொட்டகை மூலையில் சாணி அள்ளிக்கொண்டிருந்த லூர்துமேரி கூடையை இறக்கி வைத்தாள். "என் செவப்பி நேத்துக் கேப்பைத் தட்டையும் மல்லாட்டைக் கொடியும்தாங்க தின்னுச்சி. எங்க அந்தோணியார் கோயில் தெருவுக்கு யாரும் வந்து அழைக்கல" என்றாள். குறையாகச் சொல்லவில்லை. டாக்டர் கேட்டதற்குப் பதில் அது.

"ஓட்டினு வாங்க ஜல்தி" என்றாள் டாக்டர்.

சீனுவாசனுக்கு எல்லாம் மெதுவாகப் புரிந்தது. "இல்ல மேடம்... அந்த மாட்டு எச்சில... நம்ம மாட்டு வாயில..." என்று இழுத்தார். பிறகு சமாதானமானவர் போல, "சரி, தண்ணிய மட்டும் அங்கயே எடுத்து ஒரு பாட்டில்ல கொண்டாந்துடலாமே" என்றார்.

"சூடு ஆறினா செத்துடும் சார். மாடுதான் வரணும்."

"அப்போ ஏரிக்கரை மேல சுத்தி, பின்பக்கமா கூட்டிக்கினு வா, லூர்து."

"சுத்தினா ஒரு மணி நேரமாவும் ஐயா. நான் வேணா சுத்துறேன். உங்க மாடு அதுவரைக்கும் தாங்குமான்னு அக்காவக் கேளுங்க."

தையல்நாயகி கேள்விக்குக் காத்திருக்கவில்லை. "நேரா வாடி. தெரு வழியா வா. யாராவது கேட்டா நான் கூப்பிட்டேன்னு சொல்லு" என்றாள். கல்யாணமான இருபத்தெட்டு வருஷத்தில் அவள் குரல் தெருவுக்குக் கேட்டது அன்றுதான்.

செவப்பி மேலத் தெருவின் நடுவே, வீட்டு வாசல்களில் இன்னும் கலையாத கோலங்களை ஒவ்வொன்றாக முகர்ந்தபடி வந்தது. அவசரமே இல்லை. வழி நெடுக அசை போட்டுக்கொண்டே வந்தது. ஃப்ளெக்ஸின் கீழே மட்டும் நின்று, செம்மலின் கைகூப்பிய படத்தை நிமிர்ந்து பார்த்து, சாணி போட்டது.

"பாவம், அதுக்கு எழுத்து தெரியாது" என்றாள் லூர்துமேரி, பொதுவாக.

குழாய் வழியே பச்சைத் தண்ணீர் வாளியில் இறங்கியது. வாளியிலிருந்து ஆவி எழுந்தது. புல்லும் மழையும் கலந்த வாடை. "வடிகட்டத் துணி கொண்டாங்க, கெட்டியா. வாளியச் சுத்திப் போத்தவும் வேணும்" என்றாள் டாக்டர். தையல்நாயகி சுற்றுமுற்றும் பார்த்தாள். புருஷன் தோளில் கை வைத்துப் பொன்னாடையை உருவினாள். ஒரு பாதி வடிகட்டியது, மறுபாதி போர்த்தியது. அந்தப் பொன்னாடை அதுவரை எந்த வேலையும் செய்ததில்லை.

நான்கு லிட்டர் ராஜேஸ்வரியின் உள்ளே போனது.

"ரெண்டு நாள்ல வெளிய வந்துடும் இல்ல மேடம்?" என்று சீனுவாசன் தணிந்த குரலில் கேட்டார்.

"வராது சார். அதுங்க அங்கயே குடும்பம் நடத்தும், பெருகும். நாளைக்குக் கன்னு போட்டா அதுக்கும் நக்கி நக்கிக் குடுக்கும்." டாக்டர் கை கழுவினாள். "அதுங்க வெளிய வந்தா மாடும் போயிடும். எது வேணும்னு நீங்களே பாத்துக்குங்க."

அவர் உள்ளே போனார்.

மறுநாளும் பனி. தையல்நாயகி விலாவில் காதை வைத்தாள். ஒன்றுமில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்த இருட்டில் புதிதாக வந்தவர்கள் துணிமூட்டையை இறக்கி, யாருடைய இடம் எது என்று கேட்காமல், மிஞ்சியிருந்த ஒரு வைக்கோலை இரண்டு பக்கமும் பிடித்துப் பிளப்பதாக அவளுக்குத் தோன்றியது. பிறகு, செஞ்சிக்கு அப்பாலிருந்து வருவது போல, இடி ஒன்று உருண்டது.

ராஜேஸ்வரியின் கழுத்தில் ஓர் உருண்டை கீழிருந்து மேலே ஏறியது. தாடை இடப்பக்கம் போனது, வலப்பக்கம் வந்தது.

இன்னொரு தடவை ஊற்றச் சொல்லியிருந்தாள் டாக்டர். அதற்காக லூர்துமேரி வெறுங்கையோடு வந்து நின்றாள், கயிறு பிடிக்கவில்லை. செவப்பி ஏரிக்கரைப் பக்கம் திரும்பவே இல்லையாம், தானாக மேலத் தெருவில் நுழைந்துவிட்டதாம். பனிக்குள் அதன் தாடையும் அதே மாதிரி இடமும் வலமும் போய் வந்தது.

வாசலில் சீனுவாசன் பச்சைக் கறையோடு பொன்னாடையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். செவப்பி வரும் வழியில் அவர் நின்றிருந்தார். அது நின்று அவரைப் பார்த்தது. கொஞ்ச நேரம் பார்த்தது.

அவர் சுவரோடு ஒதுங்கினார்.