வெள்ளைத் தட்டில் படாத கால்

1

ஒப்புக்கொள்கிறேன், இது கதையாகப் பிறக்கவில்லை. கனடாவில், மொன்றியல் நகர வட்டாரங்களின் கோடை விளையாட்டு விழாவுக்கு ஒரு மலர் போடுகிறோம், அதில் பேஸ்போலின் வரலாற்றை நாலு பக்கத்தில் எழுதித் தாருங்கள் என்று கேட்டார்கள். நானும் பெரிய எடுப்பாகத் தொடங்கினேன்:

'1991இல் ஓட்டம், நீச்சல், கைப்பந்து ஆகியவற்றோடு பேஸ்போலும் சேர்க்கப்பட்டபோது, வட்டாரங்களுக்கிடையிலான நல்லிணக்கமானது...'

எனக்கே கொட்டாவி வந்தது. வெட்டிவிட்டேன்.

(வரலாறு இவ்வளவுதான். சென்ட் லோரன்ட் வட்டாரத் தமிழர்கள் கிரிக்கெட் கேட்டார்கள். மட்டையால் பந்தை அடிக்கிற ஆட்டம் ஏற்கெனவே இருக்கிறதே என்று விழாக் குழு பேஸ்போலைக் காட்டியது. சரி என்று இறங்கினார்கள். வருடா வருடம் தோற்றார்கள்.)

2

அணித் தலைவன் வலன்ரைன். மருந்துத் தொழிற்சாலையில் பெட்டி அடுக்குகிறவன். முதலில் அவனைச் சோகமானவனாக எழுதிப் பார்த்தேன், ஒட்டவில்லை. தோற்ற ஆட்டத்தையும் வென்றதுபோலச் சொல்லக்கூடிய வாய்க்காரன் அவன். 1994இல் மட்டும் அவனுக்குப் பயம் பிடித்தது. இந்த முறை ஒரு ஆட்டமாவது வெல்லாவிட்டால் அணிக்கு இடமில்லை, சமநிலையும் செல்லாது என்று விழாக் குழு சொல்லிவிட்டது. கிழமைக்கு ஐந்து நாள் பெட்டிகளோடு மல்லுக்கட்டுகிறவனுக்கு மிச்சமிருந்த சந்தோஷம் அந்த அணி ஒன்றுதான்.

"தங்கச்சி, அடிச்சவுடனை மட்டையைப் போட்டுட்டு ஓடு."

"ஓம் அண்ணை, ஓம் அண்ணை," என்றாள் தனுஷா. அணியில் அவளைப்போல அடிக்க ஆளில்லை. ஆனால் அண்ணன்மாரோடு கிரிக்கெட் ஆடி வளர்ந்தவள்.

(கிரிக்கெட்டில் மட்டையோடு ஓடி, அதை நீட்டிக் கோட்டுக்கு அப்பால் வைத்தால் போதும். பேஸ்போலில் மட்டை பட்டால் கணக்கில்லை. மைதானத்தைச் சுற்றியுள்ள ஒவ்வொரு தளத்தையும் ஆளே மிதித்துவரவேண்டும்.)

3

கடைசி ஆட்டம், கோட்-டெ-நெய்ஜ் வட்டார அணியோடு; அதுவரை ஒன்றும் வெல்லவில்லை. சமநிலை. கடைசியாக அடிக்க வந்தவள் தனுஷா. பந்து வேலிவரை உருண்டது. மூன்று தளங்களையும் மிதித்துச் சுற்றி வந்தாள், மட்டையோடு! தொடங்கிய இடத்தில் இருக்கும் வெள்ளைத் தட்டை மட்டை நுனியால் தட்டிவிட்டு, பக்கவாட்டில் ஓடிக் கடந்தாள்.

சென்ட் லோரன்ட் ஆட்கள் துள்ளிக் குதித்தார்கள். வேலியிலிருந்து எறியப்பட்ட பந்தைத் தட்டருகே பிடித்த ஹர்ஷ், எதிரணிக்காரன், தோற்றுவிட்டோம் என்று தலையைத் தொங்கப்போட்டுத் திரும்பினான். நடுவர் மட்டும் கையை அசைக்கவில்லை. அவள் தட்டை மிதித்தால் வெற்றி, அதற்குமுன் பந்தோடு யாராவது அவளைத் தொட்டால் அவள் ஆட்டமிழந்து சமநிலை; இரண்டில் ஒன்று நடக்கும்வரை அவர் எதுவும் சொல்லக்கூடாது.

வலன்ரைனுக்கு விளங்கிவிட்டது. பிரெஞ்சில் கத்தினால் ஊருக்கே விளங்கும். தமிழில் கத்தினான்.

"தனுஷா! கால் படேல்லை! சத்தம் போடாமத் திரும்பி வந்து தட்டை மிதி!"

ஹர்ஷ் நின்றான். அவனுடைய பெற்றோர் மதுரைக்காரர்கள்.

"அண்ணா, எனக்கும் தமிழ் தெரியுமே," என்றான்.

"தெரியும் தம்பி. அவசரத்திலை மறந்துபோனன்."

4

ஹர்ஷ் ஓடிப்போய்த் தொடுவதாக ஒரு முடிவு எழுதினேன். நியாயமானதுதான். வலன்ரைனின் முகத்தைத்தான் பார்க்க முடியவில்லை. ஹர்ஷ் காலில் அவிழ்ந்த சப்பாத்து நாடாவைக் கட்டக் குனிந்து அவளை விட்டுவிடுவதாக இன்னொன்று எழுதினேன். அது அவனுடைய அணிக்குச் செய்யும் துரோகம், அதையும் கிழித்தேன். மூன்றாவது என்னிடம் இருக்கிறது, தரமாட்டேன்.

தனுஷா தட்டை நோக்கித் திரும்பிவிட்டாள். ஹர்ஷின் கையுறைக்குள் பந்து இருக்கிறது. வலன்ரைன் கத்தியது உங்களுக்கும்தான் விளங்கியது, அதனால் ஹர்ஷ் உங்களைத்தான் கேட்கிறான்.

தொடவா, விடவா?