கடுகு அழுத்திய விளம்பரங்கள்

1.

இந்தக் கதை இன்னொருவர் எழுதிய வரியிலிருந்து வந்தது. குழாய் ரிப்பேருக்கு ஆள் தேடி ஒரு குடியிருப்பின் இணையதளத்துக்குள் போனேன். பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் இருந்தது: "உதவுவதாக நினைத்து விளம்பரங்களை அழுத்த வேண்டாம். ஒரு வார்த்தை பேசினால் போதும்."

குழாய் இன்னும் ஒழுகிக்கொண்டுதான் இருக்கிறது. நான் அந்த வரியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். பேசச் சொல்லி யாரைக் கேட்கிறார்கள்?

2.

முதல் தொடக்கம்: "மழை ஓய்ந்த மாலையில் அவள் கணினியின் முன்…"

வேண்டாம். மழையை வைத்துக் கதை தொடங்குகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இரண்டாவது: அவள் கண்ணாடிக்கடையில் வேலை பார்க்கிறாள். வீட்டுக்கு வந்ததும் குடியிருப்பின் தளத்தில் விளம்பரங்களைக் கவனிக்கிறாள். சம்பளம் கிடையாது. காணாமல் போன பூனை, வாடகை வீடு, ரத்தம் தேவை, இவற்றுக்குப் பக்கத்தில் எந்த விளம்பரம் வரலாம், எது கூடாது என்று பார்ப்பது அவள் பொறுப்பு. இரங்கல் செய்திக்குப் பக்கத்தில் உல்லாசப் பயணம் வந்து நின்றால் அவளுக்குச் சோறு இறங்காது.

(தளம் ஓடுவதே அந்த விளம்பரங்களால்தான். மறந்துவிடாதீர்கள்.)

3.

விளம்பரம் தருகிற நிறுவனத்திலிருந்து எச்சரிக்கை வந்தது. வாங்குகிற எண்ணமே இல்லாமல் யாரோ வேண்டுமென்றே விளம்பரங்களை அழுத்துகிறார்கள், இவை செல்லாத அழுத்தல்கள். நிறுத்தாவிட்டால் கணக்கை மூடிவிடுவோம். கணக்கு போனால் தளமும் போய்விடும்.

தளத்தின் வருகைப் பதிவுகளைத் துழாவிய பஸ் டிரைவர் அவளுக்குப் போன் செய்தார். தன்னார்வலர்களில் அவர்தான் மூத்தவர்.

"ஒரே ஆள்தாம்மா. காலைல வர்றாங்க, இருக்கிற விளம்பரத்தையெல்லாம் வரிசையா அமுக்குறாங்க, போயிடுறாங்க. நம்மளக் கவுக்கணும்னே பண்றாங்க போல."

"என்ன பேர்ல வர்றாங்கண்ணே?"

"கடுகு."

அவள் அந்தப் பெயரை ஒருமுறை திருப்பிச் சொல்லிப் பார்த்தாள்.

"என்னம்மா, தெரிஞ்சவங்களா?"

"எங்க அக்காண்ணே."

கடுகு என்பது தங்கையான இவளுடைய பட்டப்பெயர். அப்படிக் கூப்பிடுகிற வாய் உலகத்திலேயே ஒன்றுதான், அக்காவுடையது.

4.

இங்கே அக்காவைப் பற்றி ஒரு பத்தி எழுதினேன். அழுமூஞ்சியாக வந்தது, அடித்துவிட்டேன். விஷயம் இவ்வளவுதான்: அக்காவுக்கு அறுவை சிகிச்சை நடந்த அன்று தளம் படுத்துவிட்டது. இவள் அதை எழுப்பிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனபோது அக்கா கண் விழித்திருந்தாள்.

"உனக்கு அந்த சைட்டுதானே பெருசு? அதையே கட்டிக்கிட்டு அழு."

அதோடு பேச்சு நின்றது.

அப்படிச் சொன்னவள்தான் தினமும் வந்து, பல்செட் முதல் லாரி டயர் வரை ஒன்று விடாமல் அழுத்தியிருக்கிறாள். அழுத்தினால் தளத்துக்குக் காசு வரும், தங்கைக்கு நல்லது என்று எங்கோ கேள்விப்பட்டிருப்பாள். இவளுக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது.

(கோபமாக இருப்பவள் இப்படிச் செய்வாளா என்று எனக்கே சந்தேகம். மனைவியிடம் கேட்டேன். "கோவம் வேற, இது வேற" என்றாள்.)

5.

"பிளாக் பண்ணிடும்மா," என்றார் டிரைவர். "ஒரு பட்டன்தான்."

"நாளைக்கு அவ வந்தா, 'உங்களுக்கு அனுமதி இல்லை'ன்னு வரும்."

"வரத்தான் செய்யும்."

"அத நானே எப்படிண்ணே பண்ணுவேன்?"

முடிவு அ: பட்டனை அழுத்துகிறாள். தளம் பிழைக்கிறது. [எழுதிப் பார்த்தேன். கை கூசியது.]

முடிவு ஆ: அக்கா வீட்டுக்கு ஓடுகிறாள், இருவரும் கட்டிக்கொண்டு… போதும், போதும்.

அவள் செய்தது வேறு. பக்கத்தின் அடியில் "அழுத்த வேண்டாம்" என்று போட்டாள். அதை ஊரே படிக்கும். கொஞ்சம் யோசித்து, ஒருத்தி மட்டும் படிப்பதற்காக இன்னொரு வரி சேர்த்தாள்.

6.

மறுநாள் காலை கடுகு உள்ளே வந்தாள். பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி. எந்த விளம்பரத்தையும் அழுத்தவில்லை. வெளியே போகவும் இல்லை.

இவள் கடைக்குக் கிளம்ப வேண்டும், கிளம்பவில்லை. கையில் போன், திரையில் அக்காவின் எண். அந்த வீட்டிலும் ஒருத்தி இப்படித்தான் போனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள் என்று நினைக்கிறேன்.

நான் நினைத்தால் இப்போதே இவள் விரலைப் பிடித்து அழுத்திவிடலாம். எழுதுகிறவனுக்கு எவ்வளவு நேரம் ஆகும்? ஆனால் உதவுவதாக நினைத்து நான் அழுத்தினால், அதுவும் செல்லாத அழுத்தல்தான். நீங்களும் அழுத்திவிடாதீர்கள்.

பச்சைப் புள்ளி இன்னும் இருக்கிறது. கொஞ்சம் சத்தம் போடாமல் இருங்கள். போன் அடித்தால் கேட்க வேண்டும்.