வெடி நேரத்துக்கு ஒரு விதிவிலக்கு

புரோகிராமர் வாசுவுக்குக் கழுத்து பிடித்துக்கொண்டிருந்தது. காலையிலிருந்து குனிந்தே காகிதச் சுருளில் அச்சான புரோகிராமைப் படித்துக்கொண்டிருந்தான். எழுபத்தெட்டில் சுரங்க ஆபீசில் கம்ப்யூட்டர் வைத்ததே, பூமிக்கடியில் அழுத்தம் தாங்காமல் பாறை தானாக வெடித்தால், சுரங்கத்துக்குள் இறங்கும் ஷாஃப்ட் வாசலில் மணி அடித்து, ஆட்களை இறக்கும் கேஜை நிறுத்தச் செய்யத்தான். ஆனால் அந்த மெஷின் நாலைந்து நாளுக்கொருமுறை உறைந்துபோகும்.

அதிகாரி சௌந்தரராஜனுக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான்: அணைத்து மறுபடி போடுவது. ஆயுதபூஜைக்குச் சந்தனமும் வைத்துப் பார்த்தார்.

கோளாறு கர்னலில் இருந்தது, அதாவது நினைவகத்தைப் பங்குபோடும் அடிப்படைப் புரோகிராமில். ஒவ்வொரு அதிர்வுக்கும் அது கொஞ்சம் நினைவகம் எடுக்கும். வேலை முடிந்ததும் திருப்பி வைக்கவேண்டும். ஷிஃப்ட் முடிவில் பாறையை உடைக்க ஆட்கள் வைக்கும் வெடிக்குக்கூட மணி அடித்து, அதிகாரிகளின் டீ நேரம் கெட்டது. அதனால் அந்நேரத்து அதிர்வை விட்டுவிடு என்று ஆபீசிலேயே ஒரு வரி சேர்த்தார்கள். எடுத்ததைத் திருப்பி வைக்காமலே அந்த வரி வெளியேறியது. வெடிக்க வெடிக்க நினைவகம் தீர்ந்தது.

வெளியேறுமுன் ஒரு கட்டளை சேர்த்தால் போதும். சாயங்கால வெடியோடு மெஷின் உறைந்துவிடும், இப்போதே சேர்க்கவேண்டும் என்றான் வாசு. பழைய வரிக்குக் கையெழுத்துப் போட்டவர் சௌந்தரராஜன்தான்.

"ஸ்கெலட்டன் லைன் கூலிக் குடிசையில பொறந்தவன் என் வேலையில தப்பு கண்டுபிடிக்கிறியா? ஞாயித்துக்கெழம பாக்கலாம் போ."

அணைத்தாவது போடுங்கள் என்று கெஞ்சினான். உறைந்த பிறகுதான் அணைக்கவேண்டும் என்பது விதி என்று சொல்லி அறையைப் பூட்டி, சாவியோடு கிளப்புக்குப் போனார் அந்த மேதை.

வாசு ஷாஃப்ட்டுக்கு ஓடினான். அதற்குள் சாயங்கால வெடி வைத்து முடித்திருந்தார்கள். தாய்மாமன் பெருமாள் அடுத்த ஷிஃப்டுக்குக் கேஜ் முன்னால் நின்றிருந்தார். இந்நேரம் மெஷின் செத்துக் கிடக்கும், பாறை வெடித்தாலும் மணி அடிக்காது, இறங்காதீர்கள் என்றான். ஆனால் மணி சும்மா இருந்தால் கீழே பத்திரம் என்று எல்லாரையும் பழக்கியிருந்தார்கள்.

"மணி அடிக்கலயே மாப்ள. அடிக்காத மணிக்கு நின்னா இன்னிக்கு கூலிய யார் குடுப்பாங்க, உங்க சௌந்தரராஜனா?" என்று சிரித்தபடி ஏறினார்.

கீழே பாறை ஏற்கெனவே வெடிக்கத் தொடங்கியிருந்தது. பாறை விழுந்து நசுங்கிய பெருமாளின் வலது காலை ஆஸ்பத்திரியில் எடுத்தார்கள்.

மறுநாள் சௌந்தரராஜனே வாசுவைக் கூப்பிட்டுக் கட்டளையைச் சேர்க்கச் சொன்னார். அதற்குப் பிறகு மெஷின் உறையவே இல்லை. விசாரணையில் மட்டும், மணி அடித்தது, பெருமாள்தான் மதிக்காமல் இறங்கினார் என்று கூசாமல் சொன்னார். அவர் சொன்னதே தீர்ப்பானது. வாசு சொன்னதைச் சொந்தக்காரன் பேச்சு என்று தள்ளிவிட்டார்கள்.

அன்று மணி அடிக்கவில்லை என்று சௌந்தரராஜன் ஒப்புக்கொள்ளவேண்டும். பெருமாளுக்கு அவர் பட்ட கடன் அது. இன்னும் தீர்க்கவில்லை.