நாங்கள் ஆர்டர் செய்யாத பீட்சா

திங்கட்கிழமை மத்தியானம் முதல் பீட்சா வந்தது. நாங்கள் ஆர்டர் செய்யவில்லை. ரசீதில் எங்கள் மகள் பெயர். அவளோ சியாட்டிலில் இருக்கிறாள். ஃபெடரல் நீதிபதி வீட்டுக்கு இப்படி ஒன்று வந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான்: உன் வீடும் தெரியும், உன் பெண்ணையும் தெரியும்.

என் மனைவி லெனோர் இருபத்திரண்டு வருஷமாக நீதிபதி. ஆயுள் பதவி, ஜனாதிபதியே நினைத்தாலும் அவளை வீட்டுக்கு அனுப்ப முடியாது. அவள் நியமனத்துக்குச் செனட்டில் ஓட்டு விழுந்த அன்று சமையலறையில் என்னைப் பிடித்துச் சுற்றிச் சுற்றி ஆடினாள். இப்போது ஆயுதக் கும்பல் தலைவன் ஒருவனுக்கு வெள்ளிக்கிழமை தண்டனை சொல்ல வேண்டும்.

"சனியன் பிடிச்ச கேஸ்! வேற ஜட்ஜ்கிட்ட தள்ளிவிடேன்" என்றேன்.

"தள்ளினா பீட்சா அவர் வீட்டுக்குப் போகும். அவ்வளவுதானே?"

"போகட்டுமே! ஊருக்கெல்லாம் நீதான் காவலா?"

"ரோலண்ட், நீ கத்துற கத்துல எனக்கு ஒரு வரி எழுத முடியல." அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

செவ்வாயும் புதனும் பீட்சா வந்தது. நீதிபதிகளுக்குப் பாதுகாப்புத் தரும் மார்ஷல்கள் கேமரா மாட்டிவிட்டு, யார் வந்தாலும் கதவைத் திறக்காதீர்கள் என்று சொல்லிப் போனார்கள். மான் வேட்டைத் துப்பாக்கியை எடுத்து வாசலருகே சாய்த்து வைத்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், பயந்து செத்தேன்.

வியாழன் மத்தியானம் மணி அடித்தது. மார்ஷல் சொன்னதெல்லாம் மறந்துபோய், துப்பாக்கியோடு கதவைத் திறந்தேன். வெளியே ஐம்பது வயது ஆள் ஒருவர். பெட்டியைப் பனியில் போட்டுவிட்டு முட்டி போட்டார்.

"சுட்டுறாதீங்க சார்! கடையில குடுத்தாங்க, கொண்டுவந்தேன். எனக்கு ஒண்ணும் தெரியாது சார்!"

கைகளைத் தூக்கிக்கொண்டு அழுதார். என் விரல் விசையில் இருந்தது. அதை எடுக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

லெனோர் ஓடிவந்து துப்பாக்கியைப் பிடுங்கினாள். அவரை எழுப்பி, மன்னிப்புக் கேட்டு, கார்வரை கூடவே நடந்துபோய் அனுப்பிவைத்தாள்.

"இனிமே நான் வாயே திறக்கமாட்டேன். நீ போய் எழுது" என்றேன்.

"என்னை அவங்களால ஒண்ணும் பண்ண முடியல, ரோலண்ட். உன்னைப் பிடிச்சுட்டாங்க. நாளைக்கு இந்த வாசல்ல ஒருத்தர் செத்துக் கிடந்தா?"

தலைமை நீதிபதிக்குப் போன் போட்டாள். "இந்தக் கேஸிலிருந்து நான் விலகிக்கிறேன்" என்றாள்.

மூன்று நாளாக நான் கெஞ்சியது இதற்குத்தான். சமையலறையில் போய் நின்றுகொண்டு தேம்பித் தேம்பி அழுதேன்.