தகராறில் உள்ள பெயர்

நாட்டின் இணையப் பெயர்களைப் பதிந்து கொடுக்கும் அலுவலகத்தில் அவன் சரிபார்ப்பாளன். அன்று கவுண்டருக்கு வந்தவர் அவனுடைய அத்தான்.

"என்ன மாப்ள, சீட்டுல உட்கார்ந்தா அத்தான் கண்ணுக்குத் தெரியாதோ?"

அவர் அக்காவைப் பிரிந்தபின் இருவரும் பேசியதில்லை. விண்ணப்பத்தைப் பார்த்தான். அக்கா நடத்தும் பெண்கள் காப்பகத்தின் இணையப் பெயர், அதன் டொமைன். அதற்கு வரும் மின்னஞ்சலையெல்லாம் இனி வேறொரு சர்வருக்குத் திருப்ப வேண்டும். சர்வர் அவருடையது.

"இது அக்காவோட காப்பகம்."

"காப்பகம் அவளோடது. டொமைன் யார் பேர்ல இருக்கு? திரையைப் பாரு. எவ எவ வீட்டை விட்டு ஓடுறான்னு நானும் தெரிஞ்சுக்கிறேன்."

அவர் பெயரில்தான் இருந்தது. அமைப்புகளுக்கான பிரிவில் பதிவுச் சான்று கேட்பார்கள். பெயரைப் பதிந்த நாளில் காப்பகத்துக்குச் சான்று வந்திருக்கவில்லை. தனிநபர் பிரிவுக்கு அடையாள அட்டை போதும். அக்காவின் கைக்கு எட்டியது கணவரின் அட்டை. சான்று வந்ததும் மாற்றிக்கொள்ளலாம் என்றிருந்தாள். மாற்றவில்லை.

"சொந்தக்காரங்க விண்ணப்பத்தை நான் தொடக் கூடாது. பக்கத்து சீட்டுக்குப் போங்க."

"யார் தொட்டா என்ன, சுடவா போகுது?"

பக்கத்து இருக்கைக்காரி தாள்களைப் புரட்டினாள். எல்லாம் சரியாக இருந்தது. சாப்பாட்டு நேரத்துக்குள் முடித்துத் தருவதாகச் சொன்னாள்.

அவன் மாடிப்படிக்குப் போய் அக்காவுக்கு போன் செய்து விஷயத்தைச் சொன்னான்.

"யார் எங்க ஒளிஞ்சிருக்காங்கன்னு அந்த மெயில்லதான்டா இருக்கு."

"ஆட்சேபம் பதிவு பண்ணு. காப்பகத்துச் சான்றை வெச்சு, ஆன்லைன்லயே. போட்ட உடனே டொமைன் முடங்கிடும். தீர்ப்பு வர்ற வரைக்கும் அவருக்கும் கிடையாது, உனக்கும் கிடையாது."

"அதுவரை எழுதுறவங்க?"

"மெயில் திரும்பிடும்."

"யாருக்கு?"

"எழுதினவங்களுக்கே."

"அவங்க எழுதினதும் சேர்ந்தா?"

"ஆமா."

"அனுப்பின கையோட அழிச்சிடுங்கன்னு நாங்கதான் சொல்லிக் குடுக்கிறோம். அழிச்சிட்டு, ஒண்ணும் தெரியாத மாதிரி போனை மேசைமேல வெச்சிடுவாங்க. புருஷன் எதிர்ல உட்கார்ந்திருக்கும்போது திரும்பி வந்தா?"

கீழே அத்தான் எதற்கோ சிரிப்பது கேட்டது.

"சொல்லுடா. எது பரவாயில்லை?"

"அவர் கைக்குப் போனா எல்லாரும் மாட்டுவாங்க. இதுல இப்போ எழுதுறவங்க மட்டும்தான்."

"மட்டும்தான்," என்றாள் அக்கா. பிறகு, "இரு, போடுறேன்."

அவன் இறங்கி வந்தபோது பக்கத்துத் திரையில் பெயர் சிவப்பாகியிருந்தது. அத்தான் மேசையைத் தட்டி மேலதிகாரியைக் கூப்பிடச் சொல்லிக்கொண்டிருந்தார். அவன் உட்கார்ந்து, தன் போனிலிருந்து காப்பகத்தின் முகவரிக்கு ஒரு வெற்று மடல் அனுப்பினான். அழித்தான். போனைக் கவிழ்த்து மேசைமேல் வைத்தான்.

கையை எடுப்பதற்குள் மடல் வந்த ஒலி கேட்டது. அத்தான் திரும்பிப் பார்த்தார்.