நூறு மிதி

காலில் சுற்றியிருந்த துணியை ஆதிலட்சுமி பிரித்துக்கொண்டிருந்தபோது அய்யாக்கண்ணு போய்ச் சேர்ந்தார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. துணி புண்ணோடு ஒட்டியிருந்த இடத்தில் வெந்நீர் விட்டு இழுத்தாள். கால் வெடுக்கென்று பின்வாங்கும் என்று காத்திருந்தாள். வாங்கவில்லை. இன்னொரு தரம் இழுத்தாள். அப்புறம்தான் நிமிர்ந்து புருஷன் முகத்தைப் பார்த்தாள்.

அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. நேற்று சேத்துப்பட்டிலிருந்து வண்டியில் வந்து இறங்கிய நேரத்தில் பற்றிக்கொண்ட அதே கோபம்.

இரண்டு வருஷத்துக்கு முன் படமரம், நெய்த சேலையைச் சுற்றும் அந்தக் கனத்த கட்டை, நழுவி அவர் வலது பாதத்தில் விழுந்தது. எலும்பு கூடிவிட்டது. வலி மட்டும் போகவே இல்லை. காற்றுப் பட்டாலும் எரிந்தது. தாது வருஷப் பஞ்சத்தில்கூடத் தறிக்குழியை விடாத மனிதர், மிதிகட்டையில் கால் வைக்க முடியாமல் மூலையில் உட்கார்ந்துவிட்டார். மிஷன் மருந்துச்சாலையில் புண்ணுக்குக் கட்டுப் போடும் டிரெஸ்ஸர் இன்னாசிமுத்து காலைப் பார்த்துவிட்டு, இதற்கு மருந்து கிடையாது என்றார்.

"நரம்பு பயந்து போயி கெடக்குதும்மா. தொட்டுத் தொட்டுத்தான் பழக்கணும். மொதல்ல மெத்துன்னு, அப்பறம் சொரசொரன்னு. ஜல்தி பண்ணாதீங்க."

பழக்கினாள். முதலில் கழிவுப் பட்டு. பிறந்ததிலிருந்து பட்டிலேயே புழங்கிய மனிதர், அது உள்ளங்காலில் பட்டதும் தெரு கூடும்படி கத்தினார். அப்புறம் நூல் துணி, சாக்கு, கடைசியில் ஆற்று மணல். தினம் விடிந்ததும் தோளைப் பிடித்து நிறுத்தி மணலை மிதிக்க வைத்தாள். அவர் அவளை வைதார், அவளும் பதிலுக்கு வைதாள். தெருவில் அவளுக்கு ராட்சசி என்று பெயர். ஆகட்டும். பத்து மிதியில் தொடங்கியது, மகள் பிரசவத்துக்கு அவள் சேத்துப்பட்டு கிளம்பிய அன்று எண்பத்திரண்டுக்கு வந்திருந்தது. நூறு ஆகட்டும், தறியில் இறங்கலாம் என்று டிரெஸ்ஸர் சொல்லியிருந்தார்.

இன்னும் பதினெட்டுத்தான் பாக்கி. அதற்குள் கொழுந்தன் ராஜவேலு அவரை வந்தவாசிப் பக்கம் கூட்டிக்கொண்டு போய், நரம்பு அடங்கட்டும் என்று காலில் சூடு வைக்கச் செய்து கூட்டிவந்துவிட்டான். பழுக்கக் காய்ச்சிய கம்பியால் மூன்று இழுப்பு. புண் சீழ் வைத்துக் காய்ச்சல் கண்ட பிறகுதான் அவளுக்கு ஆள் அனுப்பினார்கள்.

வீடு நிறைந்துவிட்டது. பக்கத்து வீட்டு விருத்தாம்பாள் அவர் கண்ணை மூடி, தாடையைக் கட்டிவிட்டாள். ராஜவேலு கிழித்த வெள்ளைத் துணியோடு கால்மாட்டில் குனிந்தான்.

"கைய எடு."

"வெறைச்சிக்கும் அண்ணி. கட்ட வெரலைக் கட்டணும்."

"சுட்டது பத்தலியா? கட்ட வேற போறியா? கொள்ளியும் நீ வெக்கக் கூடாது. சொல்லிட்டேன்."

ஆண்பிள்ளை இல்லாத வீடு, கொள்ளி வைக்கத் தம்பியை விட்டால் யார்?

"பொணத்த வெச்சிகினு இன்னாடி பேச்சு இது?" என்றாள் விருத்தாம்பாள். "வேற யாரு வெப்பாங்க?"

"வழியில போறவன் வெக்கட்டும். கொன்னவன் வெக்கக் கூடாது."

ராஜவேலு அப்படியே குந்திவிட்டான். கொஞ்ச நேரம் கையிலிருந்த துணியை முறுக்கிக்கொண்டிருந்தான்.

"நான் இட்டுகினு போவல அண்ணி. அவருதான் கேட்டாரு."

"பொய் சொல்லாத."

"நீங்க வண்டி ஏறுன மறுநாளே கேட்டாரு. அண்ணி வரட்டும்னேன். அவ வர்றதுக்குள்ள முடிச்சிடணும்டான்னாரு."

"ஏனாம்?"

அவன் அவளைப் பார்க்காமல் சொன்னான்.

"மணல நெனச்சாலே ஒதறுதுடான்னாரு. விடியப் போவுதேன்னு பயந்துகினே படுத்திருப்பாராம். உங்க மேல குத்தம் சொல்லல அண்ணி. அவளும் எத்தினி நாளு என்னாண்ட கத்திகினு கெடப்பா, அவ வந்து எறங்கறப்ப நான் தறியில ஒக்காந்திருக்கணும்னாரு. உங்களாண்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிகினாரு."

நேற்று முழுக்க அவர் தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டுதான் இவனை வாயில் வந்தபடி திட்டினாள். அவர் கேட்டுக்கொண்டு படுத்திருந்தார். நினைவு தப்பவில்லை, தண்ணீர்கூடக் கேட்டு வாங்கிக் குடித்தார். இந்த ஒரு வார்த்தையை மட்டும் சொல்லவில்லை.

பாவி மனுஷா, என்று அவளுக்கு உள்ளே கொதித்தது. பதினெட்டு மிதி உன்னால் பொறுக்க முடியவில்லையா? முடியவில்லை, நிறுத்து என்று ஒரு நாள் என் கையைப் பிடித்துச் சொல்லியிருந்தால் நான் நிறுத்தியிருக்க மாட்டேனா?

நிறுத்தியிருக்க மாட்டாள். அது அவளுக்கே தெரிந்திருந்தது. தெரிந்ததால் ஆத்திரம் இன்னும் ஏறியது. அதை யார்மேல் கொட்டுவது என்றுதான் தெரியவில்லை.

"துணியக் குடு."

"அண்ணி..."

"கொள்ளி நீயே வையி. இத நான் கட்டிக்கிறேன்."

இரண்டு பாதங்களையும் இழுத்துச் சேர்த்தாள். இரண்டு வருஷமாக அவள் கைக்குப் பிடிகொடுக்காத கால் சும்மா கிடந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு சுற்றுச் சுற்றி, மூச்சைப் பிடித்து இழுத்து முடிச்சுப் போட்டாள். துணி சதையில் அழுந்தியது.

"போதும்டி, வுடு" என்றாள் விருத்தாம்பாள்.

ஆதிலட்சுமி விடவில்லை. முடிச்சையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அதை அவிழ்த்தாள். துணிக்கும் அவருடைய வலது கட்டைவிரலுக்கும் நடுவில் தன் சுண்டுவிரலை வைத்துக்கொண்டு, அழுந்தாதபடி மறுபடியும் கட்டினாள்.